ஜப்பானில் ஸ்விட்ச் 2 மலிவு, வாங்கி வரச் சொல்லலாமா?

கேள்வி: 2022-இல் வாங்கிய நின்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி கேம் கன்சோல் எங்களிடம் இருக்கிறது. நானும் ஏழாவது படிக்கும் மகளும் பெரும்பாலும் கையில் வைத்துத்தான் விளையாடுவோம். டிவியில் மாட்டுவது பண்டிகைக்கு உறவினர்கள் வந்தால்தான். மரியோ கார்ட் 8, போகிமான் ஸ்கார்லெட் என்ற இரண்டு கேம்கள்தான் அதிகம். கொஞ்ச நாளாக இடது ஜாய்-கானில் (பக்கவாட்டில் மாட்டும் கன்ட்ரோலர்) குச்சியைத் தொடாமலேயே வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. ஒசாகாவில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். "அங்கே ஸ்விட்ச் 2 மலிவு, வாங்கி வரட்டுமா?" என்று கேட்கிறான். சரி என்று சொல்லிவிடலாமா?
ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் தம்பிக்கு ஒரு மெசேஜ் போட்டு, கொஞ்சம் பொறு என்று சொல்லிவிடுங்கள். மலிவு என்று அவர் சொல்வது அநேகமாக ஜப்பானிய மொழிக்கு மட்டுமான மாடலாக இருக்கும். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வெளியானபோது ஜப்பானில் இரண்டு விலை வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கான மாடல் 49,980 யென், பல மொழி மாடல் 69,980 யென். உள்ளே இருக்கும் மெஷின் ஒன்றுதான். ஆனால் மலிவான மாடலில் மெனு முழுக்க ஜப்பானிய மொழி, மாற்ற வழியே கிடையாது. அதைவிடப் பெரிய தலைவலி வேறு. ஜப்பான் என்று நாடு குறிப்பிட்ட நின்டெண்டோ கணக்கை மட்டும்தான் அதில் இணைக்க முடியும். இந்தியாவில் நின்டெண்டோவின் ஆன்லைன் கடை இல்லாததால் நம்மில் பலர் அமெரிக்கா என்று போட்டுத்தான் கணக்கு திறந்திருக்கிறோம். உங்களுடையதும் அப்படியென்றால் அதை அப்படியே இதில் போட முடியாது. மகள் இத்தனை நாள் வளர்த்த போகிமான்களைப் புது மெஷினுக்கு மாற்றும் வேலையும் அங்கேயே நின்றுவிடும்.

பல மொழி மாடலை வாங்கலாமே என்றால், அதை ஜப்பானில் நின்டெண்டோவின் சொந்த ஆன்லைன் கடையில்தான் விற்றார்கள். போகிற வழியில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்து எடுத்துவர முடியாது. தவிர, வெளியானபோது இருந்த மாற்று விகிதத்தில் அது அமெரிக்க விலையான 449.99 டாலரைவிடக் குறைவும் இல்லை. ஆக, மலிவு என்ற பேச்சு அதோடு முடிந்தது.

இனி மெஷினுக்கு வருவோம். திரை 7 அங்குலத்திலிருந்து 7.9 ஆகிறது. படத்தின் கூர்மை 720பி போய் 1080பி, திரை நொடிக்கு 120 முறை வரை படம் மாற்றும் (120 ஹெர்ட்ஸ்). காகிதத்தில் பார்த்தால் பெரிய தாவல்தான். ஆனால் அது எல்சிடி திரை, உங்களுடையது கறுப்பைக் கறுப்பாகவே காட்டும் ஓஎல்இடி. என்னிடமும் அதுவே இருப்பதால், நண்பரின் ஸ்விட்ச் 2-ஐப் பக்கத்தில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, இரண்டிலும் ஒரே இரவுக் காட்சியை ஓடவிட்டோம். என் பழையதில் வானம் கறுப்பு. புதியதில் வானம் கருஞ்சாம்பல். நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது, பாவம். எழுத்துகள் புதியதில் பளிச்சென்று இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

எடை ஜாய்-கானோடு சுமார் 420 கிராமிலிருந்து 534 கிராமாகிறது. மகளின் மணிக்கட்டு அரை மணி நேரத்தில் அதைச் சொல்லிவிடும். நின்டெண்டோவின் கணக்குப்படி உங்கள் மெஷின் ஒரு சார்ஜில் நாலரை முதல் 9 மணி நேரம் தாங்கும். ஸ்விட்ச் 2 தாங்குவது 2 முதல் ஆறரை மணி நேரம். கையில் வைத்து விளையாடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

நல்லதையும் சொல்கிறேன். போகிமான் ஸ்கார்லெட்டில் திறந்த வெளியில் ஓடும்போது படம் திக்கித் திணறுமே, ஸ்விட்ச் 2-இல் இலவச அப்டேட் போட்டால் நொடிக்கு 60 பிரேமில் வழுக்கிக்கொண்டு போகிறது. மகள் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். மரியோ கார்ட் 8 பழைய ஸ்விட்சிலேயே 60 பிரேமில் ஓடுவதுதான். அதில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள்.

கூடவே வரும் சில்லறைச் செலவுகளையும் கணக்கில் வையுங்கள். இப்போதிருக்கும் மெமரி கார்டில் ஸ்விட்ச் 2 கேம்களைப் போட முடியாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும். பழைய ஜாய்-கானை வயர்லெஸ்ஸில் பயன்படுத்தலாம், பக்கவாட்டில் மாட்ட முடியாது. புது மரியோ கார்ட் வேர்ல்ட் தனியாக வாங்கினால் அமெரிக்க விலை 79.99 டாலர். இந்தியாவில் நின்டெண்டோ நேரடியாக ஸ்விட்ச் விற்பதில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் இறக்குமதிச் சரக்கு. வாரண்டி உண்டு என்று கடைக்காரர் சொன்னால் அது அவர் கடை தரும் வாரண்டி என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், குச்சி இழுப்பதற்காகக் கன்சோலையே மாற்றுவது, செருப்பு வார் அறுந்ததற்குக் கார் வாங்குவது மாதிரி. செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் குச்சியின் நடுநிலையை ஒருமுறை சரிப்படுத்தி (காலிபரேட் செய்து) பாருங்கள். தீரவில்லையென்றால் உள்ளே தேய்மானம். குச்சிப் பாகத்தை மட்டும் மாற்றலாம். கேம் கன்ட்ரோலர் ரிப்பேர் பார்க்கும் கடைகள் செய்துகொடுக்கும். ஸ்விட்ச் 2-இன் ஜாய்-கானிலும் தேயாத காந்தக் குச்சி கிடையாது என்று நின்டெண்டோவே சொல்லிவிட்டது. எனவே ஸ்விட்ச் 2-க்கு மாறினாலும் இந்தத் தொல்லை வராது என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதைக்கு வாங்க மாட்டேன். மகள் மரியோ கார்ட் வேர்ல்டோ டாங்கி காங் பனான்சாவோ வேண்டும் என்று கேட்டால் பேச்சு வேறு. இரண்டும் ஸ்விட்ச் 2-இல் மட்டும்தான் ஓடும். தினமும் 4கே டிவியில் விளையாடும் வீடாக இருந்தாலும் என் பதில் மாறியிருக்கும்.

கேள்வி: ஓஎல்எக்ஸில் ஒருவர் இரண்டே மாதம் ஓடிய ஸ்விட்ச் 2-ஐ விற்கிறார். நம்பி வாங்கலாமா?
ஒரு வாசகர், மதுரை

பதில்: பணம் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். திருட்டு கேம் கார்ட்ரிட்ஜ் போட்ட மெஷின்களை நின்டெண்டோ ஆன்லைன் சேவையிலிருந்து தடை செய்கிறது. அந்தத் தடை ஆளுக்கு இல்லை, மெஷினுக்கு. கைமாறினாலும் கூடவே வரும். திறந்துவிட்டால், அடுத்து மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாறவில்லையென்றால் அது மேலே சொன்ன ஒசாகா சரக்குதான்.