பேட்டரியை நம்பி வாங்கும் பொருட்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மின்ஸ்கூட்டர் வாங்கி 2 ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுறை சார்ஜ் செய்தால் 90 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 50 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. உத்தரவாதம் 3 ஆண்டுகளுக்கு இருந்தும், "பேட்டரி என்றால் குறையத்தான் செய்யும்" என்று சொல்லி ஷோரூமில் அனுப்பிவிடுகிறார்கள். (வாசகர், திருச்சி)

பதில்: பேட்டரியின் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறையும் என்பது உண்மைதான். ஆனால் 2 ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது என்றால் அதை இயல்பான தேய்மானம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கொள்ளளவு எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பது உத்தரவாத அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பேட்டரியைச் சோதித்து அறிக்கை தரும்படி சர்வீஸ் மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் வரட்டும். அடுத்தபடியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கேள்வி: கோபால்ட் இல்லாத எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, முழுக்க முழுக்கச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பேட்டரியை வாங்கலாம், விளம்பரத்தை நம்ப வேண்டாம். இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட அந்த வகையில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லை என்பது உண்மை, அது பெரிய விஷயமும்கூட. உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கோல்வேசி வட்டாரத்தில் பாதுகாப்பு ஏதுமில்லாத குழிகளுக்குள் இறங்கி, கையால் தோண்டிப் பிழைப்பவர்கள் பலர். எல்.எஃப்.பி. சற்றுக் கனமானது என்றாலும் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், அதிகத் தடவை சார்ஜ் ஏற்கும். நம் ஊர் வெயிலுக்கு அதுவே பொருத்தம். ஆனால் லித்தியம் அதிலும் இருக்கிறது. சிலி நாட்டின் அட்டகாமா உப்புப் படுகையில், உலகின் மிக வறண்ட நிலங்களில் ஒன்றில், தரைக்கடியிலிருந்து உப்புநீரை இறைத்துத் தொட்டிகளில் ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் வற்றவிட்டே லித்தியம் எடுக்கிறார்கள். அவ்வளவு நீரும் ஆவியாகப் போய்விடுகிறது. பேட்டரி பெரிதானால் லித்தியமும் கூடுதலாக வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுபவர் 150 கிலோமீட்டர் ஓடும் வண்டியைத் தேட வேண்டாம். 'உகந்தது' என்ற சொல்லுக்கு ஆதாரம் என்ன என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஆதாரமில்லாமல் இப்படிப் பொதுப்படையாகச் சொல்லக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது.

கேள்வி: வாசலில் மாட்டிய சோலார் விளக்கு ஒன்றரை ஆண்டில் நின்றுவிட்டது. பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. இதே போன்ற விளக்கு ஒன்றை நானும் வாங்கி, அது அணைந்த பிறகு திறந்து பார்த்தேன். மேலிருந்த சோலார் தகடு நன்றாக இருந்தது, எல்.இ.டி. பல்புகளும் எரிந்தன. செத்திருந்தது விரல் நீளமுள்ள ஒரே ஒரு லித்தியம் செல். அதைச் சுற்றிப் பசையை ஊற்றி உறையோடு ஒட்டியிருந்தார்கள். சுரண்டி எடுப்பதற்குள் உறை விரிந்து, மழை தாங்காத பொருளாகிவிட்டது. 4 திருகாணிகள் போட்டிருந்தால் அந்த விளக்கு இன்னும் பல ஆண்டுகள் எரிந்திருக்கும். மணலை உருக்கிச் சிலிக்கன் ஆக்கி, செம்பும் வெள்ளியும் சேர்த்து, அத்தனை மின்சாரமும் நீரும் செலவழித்துச் செய்த பொருளை ஒரு செல்லுக்காகக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது வாங்கியவரையும் மண்ணையும் ஒருசேர ஏமாற்றுவதாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைச் சில விலக்குகள் தவிர, வாங்கியவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரியிலிருந்து அமைக்க வேண்டும். நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகின்றன, அது நல்லதே. ஆனால் கழற்ற முடியாத பேட்டரியை யார், எப்படித் திரட்டுவது? கழற்றும் வசதியும் இங்கே கட்டாயமாக வேண்டும் என்று நான் தொடர்ந்து எழுதுவேன். உங்கள் விளக்கைத் தூக்கிப் போடாமல், செல் மாற்றத் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை உறையில் திருகாணி இருக்கிறதா, செல் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கேள்வி: கண்காட்சி ஒன்றில் 12,000 ரூபாய்க்கு பவர் ஸ்டேஷன் (சார்ஜ் செய்து எடுத்துச் செல்லும் பேட்டரிப் பெட்டி) வாங்கினேன். ஒரு மாதத்தில் பழுது. ரசீது வாங்கவில்லை, விற்றவரின் போன் அணைந்திருக்கிறது. (வாசகர், சேலம்)

பதில்: ரசீதும் முகவரியும் இல்லாமல் 12,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு யார் மீது புகார் எழுதச் சொல்கிறீர்கள்? ஆன்லைனில் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையும் அரங்கு எண்ணையும் கொண்டு கண்காட்சி நடத்தியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் பழைய கைப்பேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துத்தான் புதிது வாங்குகிறேன். அது மறுசுழற்சிக்குப் போவதால் தவறில்லையே? (வாசகர், சென்னை)

பதில்: தவறுதான். கைப்பேசியால் உண்டாகும் கரியுமிழ்வில் பெரும்பகுதி அது உங்கள் கைக்கு வருமுன்பே உண்டாகிவிடுகிறது. பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னும் சில ஆண்டுகள் வைத்திருங்கள்.

கேள்வி: பழைய இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டீலரைவிடப் பழைய இரும்புக்கடைக்காரர் கூடுதலாகத் தருகிறார். அவரிடமே போடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம். காரீயத்துக்காகத்தான் அவர் வாங்குகிறார். முறையற்ற இடங்களில் அமிலத்தைத் தரையில் கொட்டிவிட்டுத் திறந்த அடுப்பில் காரீயத்தை உருக்குகிறார்கள், அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புது பேட்டரி வாங்கும் டீலரிடமே பழையதைக் கொடுங்கள். எடையை உங்கள் கண்முன்னே போடச் சொல்லி, கழித்த தொகையை ரசீதில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.