ட்ரோனுக்கும் குரூஸ் ஏவுகணைக்கும் சின்ன ஜெட் எஞ்சின்: கேள்வி பதில்

எஞ்சினைப் பற்றி மட்டும் கேளுங்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். யார் யாருக்கு அடித்தார்கள், யார் வெல்வார்கள் என்ற கதைக்கு என்னிடம் பதில் இல்லை.

உவர்மலை, உயர்தர மாணவன்: சந்திரனுக்கே போன இந்தியா, ஏவுகணைக்கு ஒரு சின்ன ஜெட் எஞ்சின் செய்ய ஏன் சேர் இவ்வளவு காலம் எடுத்தது?

நல்ல கேள்வி, தம்பி. ரொக்கெட் சில நிமிடம் எரிந்தால் அதன் வேலை முடிந்தது. குரூஸ் ஏவுகணை விமானம் மாதிரி காற்றை இழுத்துப் பறக்கிறது, அதன் எஞ்சின் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காமல் சுழல வேண்டும், அதுவும் செந்தணல் சூட்டில். கணக்குப் போட்டுப் பார். சூடான வாயு சுழற்றுகிற டர்பைன் சக்கரத்தில் 1 கிராம் எடையுள்ள ஒரு தகடு, மையத்திலிருந்து 3 சென்ரிமீற்றர் தூரத்தில், நிமிடத்துக்கு 1,00,000 சுற்று. அந்த 1 கிராம் தகடு வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 335 கிலோ எடைக்குச் சமம். இரும்பு சிவந்திருக்கும் நேரத்தில் நாலைந்து ஆட்கள் அதில் தொங்குகிற மாதிரி. அதனால்தான் இன்கொனெல் 713 போன்ற நிக்கல் கலப்புலோகத்தை வெற்றிடத்தில் உருக்கி வார்க்கிறார்கள். வார்ப்புக்குள்ளே ஊசிமுனை அளவு காற்றுக்குழி இருந்தாலே போதும், சக்கரம் அதில்தான் பிளக்கும்.

இந்தியாவிடம் எஞ்சினே இல்லை என்பது பிழை. லக்ஷ்யா என்ற இலக்கு ட்ரோனுக்கு (சுட்டுப் பழக இலக்காகப் பறப்பது) இந்திய அரசின் விமான நிறுவனம் எச்.ஏ.எல். செய்த பி.டி.ஏ.இ.-7, ஏறத்தாழ 380 கிலோ உந்துவிசை கொண்ட டர்போஜெட். ஆனால் இலக்கு ட்ரோன் கொஞ்ச நேரம் பறந்தால் காணும். 1,000 கிலோமீற்றர் போகிற நிர்பய் என்ற இந்தியக் குரூஸ் ஏவுகணைக்கு எண்ணெய் குறைவாகக் குடிக்கிற, முன்னால் ஃபேன் பூட்டிய டர்போஃபேன் வேண்டும். அதில் ஷாப்டுக்குள்ளே இன்னொரு ஷாப்ட், இரண்டும் வேறு வேறு வேகம். 2013 மார்ச் 12இல் நிர்பய் முதல் தடவை பறந்தபோது உள்ளே இருந்தது ரஷ்யாவின் 36எம்டி. பெங்களூரின் ஜி.டி.ஆர்.இ. ஆய்வுகூடம் செய்த மாணிக் எஞ்சினோடு அதே வகை ஏவுகணை 2024 ஏப்ரல் 18இல் சண்டிப்பூரில் பறந்தது.

சின்னதாகச் செய்வது இலகு என்று நினைப்பதும் பிழை. தகட்டு நுனிக்கும் உறைக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டே ஆக வேண்டும். தகடு 100 மி.மீ. உயரம் என்றால் அரை மி.மீ. இடைவெளி அரை வீதம்தான். தகடே 10 மி.மீ. என்றால் அதே இடைவெளி 5 வீதம், அழுத்தத்தில் நல்ல பங்கு அந்த வழியால் ஒழுகிப் போகும். அமெரிக்காவின் டோமஹோக் குரூஸ் ஏவுகணையில் போட்ட வில்லியம்ஸ் எஃப்107 எஞ்சின் 30 சென்ரிமீற்றர் குறுக்களவு, 66 கிலோ எடை. அதற்குள் இரண்டு ஷாப்டும் ஒரு ஃபேனும். ஆளே தூக்கிக்கொண்டு போகலாம், செய்வதுதான் கஷ்டம்.

நிலாவெளி: ஈரானின் ஷாஹெட்-136 ட்ரோனில் எந்த ஜெட் எஞ்சின்?

ஜெட் இல்லை. நாலு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின், பின்னால் விசிறி. ஜெட் பூட்டிய ஷாஹெட்-238 வேறு.

பாலையூற்று: துருக்கியின் டி.பி.2 ட்ரோன் ஜெட்டா?

அதுவும் பிஸ்டன்தான். ரோட்டாக்ஸ் 912.

மூதூர், இயந்திரவியல் டிப்ளோமா: ஒரு தடவை பறந்து வெடிக்கிற சாமானுக்கு எதற்கு அண்ணா இவ்வளவு விலை உலோகம்? மலிவாகச் செய்யலாமே?

பாதி சரி. அமெரிக்காவின் ஹார்பூன் கப்பல் எதிர்ப்பு ஏவுகணையில் உள்ள ஜே402 அப்படி எறிந்துவிடுவதற்காகவே வடிவமைத்த எஞ்சின், ஏறத்தாழ 300 கிலோ உந்துவிசை. பயணிகள் விமான எஞ்சின் மாதிரி ஆயிரக்கணக்கான மணித்தியாலம் அதற்கு வேண்டாம். ஆயுள் குறைந்தால் பாகமும் குறையும், விலையும் குறையும்.

மற்றப் பாதியைக் கவனி. அந்த எஞ்சின் வருடக்கணக்காகப் பெட்டிக்குள் கிடக்கும். பிறகு ஒரு நாள், ஒரே தடவை, சில வினாடிக்குள் பற்ற வேண்டும். இரண்டாவது தடவை கிடையாது. கிடக்கிற காலத்தில் லொறியிலும் கப்பலிலும் அதிர்ந்து அதிர்ந்து, பேரிங் குண்டு ஒரே இடத்தில் உரசி, ஓடுபாதையில் சின்னச் சின்னக் குழி விழும். கிறீஸ் காயும், றப்பர் சீல் இறுகும். மலிவு எஞ்சினில் கஷ்டமான பகுதி இந்த உறக்கம்தான்.

கிண்ணியா, மோட்டார் திருத்துநர்: நீங்கள் சொன்னது சரி சேர், ஆனால் மூதூர்த் தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன்காரன் V-1 பறக்கும் குண்டுக்குத் தகரக் குழாய்தானே பூட்டினான்?

மூதூர்: அதைத்தான் நானும் சொல்கிறேன்! சுழலும் பாகமே இல்லை. பேரிங்கும் இல்லை, டர்பைனும் இல்லை.

கிண்ணியா: டர்பைன் இல்லாதது நல்லதென்று நான் சொல்லவில்லையே தம்பி. மலிவு என்றுதான் சொன்னேன்.

இரண்டு பேரும் பொறுங்கள். அந்த V-1இன் ஆர்கஸ் பல்ஸ்ஜெட் வினாடிக்கு 50 தடவை அளவில் வெடித்து வெடித்துத் தள்ளும். முன்னால் உருக்குத் தகட்டு வால்வுகள், ஒவ்வொரு வெடிப்புக்கும் திறந்து மூடும். அந்தத் தகடுதான் முதலில் கிழியும். எஞ்சினின் ஆயுளே ஒரு மணித்தியாலத்துக்குள். லண்டனுக்குப் போக அரை மணித்தியாலமும் ஆகாததால் அது காணுமாக இருந்தது. அழுத்தி எரிக்காததால் எண்ணெயைக் குடித்துத் தள்ளும், உயரம் கூடக் கூட வலு விழும், கிளம்ப ஏவுதளத்திலிருந்து நீராவி உந்தித் தள்ள வேண்டும். சத்தமோ ஊரையே எழுப்பும். கிண்ணியா நானா சொன்ன மலிவு உண்மை. தம்பி சொன்ன “பேரிங் இல்லை” என்பதும் உண்மை. ஆனால் 1,000 கிலோமீற்றர் போக அது உதவாது. தூரம் வேண்டுமென்றால் அழுத்தம் வேண்டும், அழுத்தம் வேண்டுமென்றால் காற்றை அழுத்துகிற கம்ப்ரஸர் சுழல வேண்டும், திரும்பவும் பேரிங்கில்தான் வந்து நிற்போம்.

மூதூர்: அப்போ ஒரு நல்ல எஞ்சினைக் கழற்றி, அளந்து, அப்படியே செய்தால்?

வடிவத்தை அளக்கலாம். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் பதப்படுத்தினார்கள், அச்சுக்குள் உலோகம் எந்தப் பக்கமிருந்து உறைந்தது, எத்தனை மில்லிகிராமுக்குள் சமநிலை பிடித்தார்கள், இவற்றை எந்த அளவுகோலாலும் அளக்க இயலாது. சோதனை மேடையில் நூறு எஞ்சின் உடைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

சாம்பல்தீவு: பழைய லொறி டர்போ சார்ஜரில் ஜெட் எஞ்சின் செய்யலாமாமே, எப்படி?

இதே கேள்வி மூன்றாவது தடவை. செய்யாதே. டர்போவின் பேரிங் எண்ணெய் அழுத்தத்தில் மிதக்கிறது. எண்ணெய் ஒரு நொடி நின்றாலும் ஷாப்ட் இறுகும், சக்கரம் உடைந்தால் துண்டு பக்கவாட்டில் சீறும். ஓடுகிற எந்த டர்பைனுக்கும் நேர் பக்கத்தில் நிற்காதே, பின்னாலும் நிற்காதே, முன்பக்கமாக எட்டத் தள்ளி நில்.

அலஸ்தோட்டம், படகு எஞ்சின் திருத்துநர்: அவுட்போர்டுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயை மொடல் விமான ஜெட்டுக்கு ஊற்றலாமா?

ஊற்றலாம் ஐயா, பேரிங்குக்கு எண்ணெய் கலந்தால். பெரும்பாலான மொடல் டர்பைன்களுக்கு 20 லீற்றருக்கு 1 லீற்றர் டர்பைன் எண்ணெய். சரியான அளவு கையேட்டில் இருக்கும், அதையே பிடியுங்கள். எரிபொருள்தான் பேரிங்கைக் குளிர்விப்பதும் நனைப்பதும், ஆகவே எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். வடிகட்டி இரண்டு போடுங்கள், டாங்கிக்கு ஊற்றும்போது ஒன்று, பம்புக்கு முன்னால் ஒன்று.

பற்றவில்லை என்றால் உடனே மறுபடி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். உள்ளே தேங்கிய எரிபொருள் ஒரேயடியாகப் பிடித்து, பின்னால் சுவாலை பாயும். குழாயைச் சரித்து வடியவிட்டு, காற்று அடித்துக் காயவைத்த பிறகுதான். பக்கத்தில் கார்பன்டையொக்சைட் தீயணைப்பான் வையுங்கள். தூள் அடித்தால் தீ அணையும், எஞ்சின் கழற்றிக் கழுவ வேண்டி வரும். நிறுத்திய பின்னும் சூடு 100 பாகைக்குக் கீழே வரும்வரை ஸ்டார்ட்டர் அதைச் சுழற்றும். பட்டரியைப் பிடுங்காதீர்கள், சூடு பேரிங்குக்கு ஊறிப் போய்விடும். பக்கத்தில் நிற்காதீர்கள் என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கிண்ணியா: எங்கட உப்புக் காற்று இதுக்குக் கூடாதா சேர்?

கூடவே கூடாது. உப்பிலுள்ள சோடியமும் எரிபொருளிலுள்ள கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேற்றாகி, டர்பைன் தகட்டில் உருகிப் படியும். நிக்கல் உலோகத்தின் காப்புத் தோலை அது தின்னும். 700 பாகைக்கு மேல் இந்த வேலை தொடங்கும். டச் பே கடற்கரை மணலில் வைத்து ஓட்டினால் உப்போடு மணலும் சேர்ந்து போகும்.

தம்பலகாமம்: வெளியிலிருந்து வாங்கலாமே, ஏன் ஒவ்வொரு நாடும் தானே செய்கிறது?

1987இல் உருவான ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் பட்டியலில் இப்படியான எஞ்சின்களும் இருக்கின்றன. விற்பவன் நாளைக்கு மறுத்தால் ஏவுகணை வெறும் குழாய். துருக்கி தன் அத்மாஜா ஏவுகணையை பிரெஞ்சு எஞ்சினோடு தொடங்கிவிட்டு, சொந்தமாகக் கே.டி.ஜே.-3200 செய்ததும் இதற்காகத்தான்.

சீனக்குடா: காவேரி எஞ்சினைக் குரூஸ் ஏவுகணையில் பூட்டலாமா?

அது போர் விமானத்துக்கென்று இந்தியா தொடங்கிய எஞ்சின், 5 தொன் உந்துவிசை. ஏவுகணைக்கு 400 கிலோ காணும். பெரிய ட்ரோனுக்குத்தான் அதன் பின்னெரிப்பான் (வால் பக்கம் மேலும் எரிபொருள் எரித்து வலுக் கூட்டும் பாகம்) இல்லாத வடிவத்தை யோசிக்கிறார்கள்.

உப்புவெளி: டர்போ சார்ஜரில்...

மேலே சாம்பல்தீவுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

அலஸ்தோட்டம்: கடைசியாக ஒன்று. மண்ணெண்ணெயில் தண்ணி இருக்கா என்று எப்படிப் பார்ப்பது?

கண்ணாடிப் போத்தலில் ஒரு லீற்றர் எடுத்து அரை மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். அடியில் பாதரசம் மாதிரி மணி உருண்டால் தண்ணி. மேலே உள்ளதை மட்டும் இறுத்து, சமுவாத் தோலில் வடித்து எடுங்கள். அடியில் உள்ள தண்ணியை விளக்குக்கும் ஊற்றாதீர்கள்.