கேழ்வரகு கடைக்கு வந்தது, காட்டுக்கு வந்ததா?

கேள்வி: எங்கள் ஊர் நியாய விலைக் கடையில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தந்தார்கள். உணவுப் பாதுகாப்புக்கென்று மத்திய அரசும் ஒரு திட்டம் நடத்துகிறதாமே, அதில் மலை விவசாயிக்கு இடம் உண்டா? தேயிலை போக மீதமுள்ள அரை ஏக்கரில் ராகி விதைக்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தாங்கள் கேட்பது 2007-08இல் தொடங்கப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்பு இயக்கத்தைப் பற்றி. பதினொன்றாவது ஐந்தாண்டுத் திட்டம் (2007-12) முடிவதற்குள் அரிசி உற்பத்தியை 1 கோடி டன்னும், கோதுமையை 80 லட்சம் டன்னும், பருப்பு வகைகளை 20 லட்சம் டன்னும் கூட்டுவதே அதன் இலக்காக இருந்தது. படுகரும் இருளரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக விதைத்துவந்த ராகிக்கும் சாமைக்கும் அந்த இலக்கில் இடமில்லை. சிறுதானியங்கள் பன்னிரண்டாவது திட்ட காலத்தில்தான் (2012-17) உள்ளே வந்தன. 2018இல் அவற்றுக்கு ‘ஊட்டச்சத்துத் தானியங்கள்’ என்ற பெயரும் கிடைத்தது. அதற்குள் நம் மலையில் ராகிக்காடுகள் பெரும்பாலும் தேயிலையாகவும் காய்கறித் தோட்டங்களாகவும் மாறிவிட்டிருந்தன என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

கடையில் கேழ்வரகு வழங்கும் மாநில அரசின் முன்னோட்டத் திட்டம் 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் அதற்கான கொள்முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற, நம் மலைக்குக் கீழுள்ள மாவட்டங்களை நம்பியே திட்டமிடப்பட்டது. உண்பவருக்கு மலையில் கடை இருக்கிறது, விளைவிப்பவருக்குச் சந்தை கீழே இருக்கிறது. திட்டத்தின் குறையாக எனக்குப் படுவது இதுவே.

இனித் தங்கள் அரை ஏக்கர். 2025-26ஆம் ஆண்டுக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். நான்கு குவிண்டால் விளைந்தது என்றே வைத்துக்கொண்டாலும் இருபதாயிரம் ரூபாய் தேறாது. அதிலும் களையெடுப்புக் கூலி, காவல், மலையிறக்கும் வண்டி வாடகை ஆகியவை போக மிஞ்சுவது சொற்பம். காட்டுப்பன்றியும் காட்டுமாடும் கதிரைக் கண்டால் அந்தச் சொற்பமும் போய்விடும். ஆகவே விற்பனைக்கு என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டுத் தேவைக்கு என்றால் தயங்காமல் விதைக்கலாம். மானாவாரியில் ஏறத்தாழ நான்கு மாதங்களில் கதிர் அறுக்கலாம். நன்றாகக் காயவைத்த ராகி ஆண்டுக்கணக்கில் கெடாது. விதைக்கு மானியம் உண்டா என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விதைப்புக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முழு நிலத்தையும் விதைக்காமல், இரவுக் காவலுக்கு எட்டுமாறு வீட்டை ஒட்டிய பகுதியில் மட்டும் தொடங்குங்கள்.