அமைச்சர் என்றாலும் உங்கள் தொகுதி உறுப்பினர்தான்

தம்பி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோ வடக்கில் குடிவந்து நாலு மாதம், அம்மாவின் ஹெல்த் காட் (மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டை) விண்ணப்பம் எங்கோ சிக்கி நிற்கிறது, தொகுதி உறுப்பினரோ மாகாண அமைச்சர், வாக்குரிமை கூட இல்லாத நான் அந்த அலுவலகத்துப் படி ஏறலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். வாக்குப் போடத்தான் குடியுரிமை வேண்டும். தொகுதி அலுவலகத்தின் உதவி அங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் உண்டு. ஊரில்போல ஆள் பிடிக்கவோ சிபாரிசுக் கடிதம் வாங்கவோ தேவையில்லை.

நானும் வந்த புதிதில் இப்படித்தான் தயங்கினேன். மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கையோடு தொகுதி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபிறகு இரண்டு கிழமையில் அது வந்து சேர்ந்தது. அந்த அக்காவை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

அமைச்சர் என்ற சொல்லுக்குத்தான் பயப்படுகிறீர்கள் என்றால், உங்கள் தொகுதி உறுப்பினர் ரேமண்ட் சோ வந்த வழியைப் பாருங்கள். 1936இல் கொரியாவில் பிறந்தவர். 1967இல் கனடா வந்து, துப்புரவு வேலை, சுரங்க வேலை எல்லாம் செய்து, பிறகு சமூகப் பணி படித்தார். 1988இல் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளராக மத்திய தேர்தலில் நின்று தோற்றார். 1991இல் மெட்ரோ ரொறன்ரோ சபைக்குப் போனவர், அப்புறம் 25 வருடம் நகர அரசியலில் இருந்தார். 2004இல் சுயேச்சையாக மறுபடி மத்திய தேர்தல், மறுபடி தோல்வி. 2014இல் கன்சர்வேடிவ் கட்சிக்காக மாகாணத் தேர்தலில் நின்றார், அதிலும் தோல்வி.

கட்சி மாறினார் என்று குறை சொல்வோர் உண்டு, அது நியாயமான கேள்விதான். ஆனால் குப்பை, பனி, நடைபாதை என்று கால் நூற்றாண்டு வீட்டு வாசல்களில் நின்று கேட்டவரை மக்கள் கட்சிக்காக மட்டும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். 2016 செப்டம்பர் 1இல் நடந்த ஸ்காபரோ - ரூஜ் ரிவர் இடைத்தேர்தலில் வென்றார். நெடுங்காலம் லிபரல்களிடம் இருந்த தொகுதி அது. அப்போது அவருக்கு வயது 79! எதிர்த்து நின்றவர்களில் நம்மவர்கள் இருவர்: லிபரல் பிரகல் திரு, என்டிபி நீதன் சண். சோ விட்டுப்போன நகரசபை இடத்துக்கு 2017இல் நீதன் சண்ணே தெரிவானார். 2018இல் டக் ஃபோர்ட் மாகாண முதல்வராக ஆட்சிக்கு வந்ததும் சோ முதியோர், அணுகல்தன்மை அமைச்சரானார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஹெல்த் காட், டிரைவிங் லைசென்ஸ், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு, அதனால் இந்த அலுவலகம்தான் சரியான இடம். குடும்பத்தை ஸ்பொன்சர் செய்வது, பிஆர் காட் (நிரந்தர வதிவிட அட்டை) என்றால் மத்திய எம்பியிடம் போக வேண்டும். தெருவில் பனி அள்ளவில்லை என்றால் நகரசபை உறுப்பினர். இடம் மாறிப் போய் நாளை வீணாக்காதீர்கள்.

அமைச்சரை நேரில் காண்பது அரிது, ஊழியர்கள்தான் கோப்பைப் பார்ப்பார்கள். போன் எடுத்து நேரம் கேளுங்கள். விண்ணப்ப இலக்கம், வந்த கடிதங்கள், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கொண்டுபோங்கள். கோப்பைப் பற்றி அவர்கள் விசாரிக்க அம்மாவின் கையெழுத்தோடு ஒப்புதல் வேண்டும், அதனால் அவரையும் கூட்டிப்போங்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.