வாசகர் கேள்வி – பதில்: ஸ்விட்சை மாற்றினால் நெட்வொர்க் வேகம் கூடுமா?

கேள்வி: எங்கள் ஆஃப்செட் அச்சகத்தில் 9 கணினிகள் உள்ளன. வடிவமைப்புப் பிரிவில் தயாராகும் ஃபைல்கள் சில 2 ஜிபி வரை வரும். அவை முதலில் சர்வருக்குப் போய், அங்கிருந்து பிளேட் எடுக்கும் கணினிக்கு வருகின்றன. பெரிய ஃபைல் போகும்போதெல்லாம், அதே சர்வரில் ஓடும் பில் மென்பொருள் அசையாமல் நின்றுவிடுகிறது. கணினிகளைக் கேபிள் வழியே ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான பழைய 16 போர்ட் (கேபிள் செருகும் துளை) ஸ்விட்சை எடுத்துவிட்டு, நொடிக்கு 1000 மெகாபிட் கடத்தும் ஜிகாபிட் ஸ்விட்ச் போடும்படி சர்வீஸ் செய்பவர் சொல்கிறார். போட்டால் சரியாகிவிடுமா?
– அச்சக உரிமையாளர் ஒருவர், சிவகாசி

பதில்: பெரும்பாலும் சரியாகும், ஆனால் ஸ்விட்சை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொண்டால் கொடுத்த பணத்தில் பாதி வீணாகலாம்.

இப்போதுள்ள பெட்டியின் முகப்பை முதலில் பாருங்கள். 10/100 என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதன் ஒவ்வொரு போர்ட்டும் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், இது நொடிக்கு 12.5 மெகாபைட், முகவரி முதலிய கூடுதல் சுமை போக, பதினொன்று சொச்சம்தான் கைக்குக் கிடைக்கும். 2 ஜிபி ஃபைல் ஒன்று சர்வருக்குப் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகிறது. அந்த மூன்று நிமிடமும் சர்வருக்குச் செல்லும் ஒற்றைக் கேபிள் நிரம்பிக் கிடக்க, பில் போடுபவர் அனுப்பும் சில கிலோபைட் தகவலும் அதே வரிசையில் நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஸ்விட்ச் ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பாதை தருவது உண்மைதான். என்றாலும், எல்லாரும் ஒரே சர்வரைத் தேடிப் போகும்போது அந்தச் சர்வரின் போர்ட்டே குறுகிய வாசலாகிவிடுகிறது.

ஆகவே சர்வரின் இணைப்பு மட்டும் ஜிகாபிட்டாக மாறினாலே உங்கள் பில் தொல்லை பெருமளவு குறையும். 100 மெகாபிட் இணைப்பில் உள்ள கணினி எவ்வளவு வேகமாக அனுப்பினாலும், 1000 மெகாபிட் வாசலில் பத்தில் ஒரு பங்கைத்தான் அடைக்க முடியும். வடிவமைப்புக் கணினிகளும் பிளேட் கணினியும் சேர்ந்து ஜிகாபிட்டுக்கு வந்தால், அதே 2 ஜிபி ஃபைல் இருபது நொடியளவில் போய்விடும். ஆனால் சர்வரில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், நெரிசல் கேபிளை விட்டு டிஸ்குக்கு இடம் மாறும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேபிளுக்கு வருவோம். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் முறையான ஈத்தர்நெட்டில், 100 மெகாபிட் வேகத்துக்கு, கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளில் நான்கே போதும். 1999-இல் வகுக்கப்பட்ட செம்புக் கம்பி ஜிகாபிட் முறைக்கோ எட்டும் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், புது ஜிகாபிட் ஸ்விட்ச் போட்டும் வேகம் துளியும் கூடவில்லை என்று என்னை அழைத்தார்கள். சுவரில் இருந்த சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கேபிள் செலவை மிச்சம் பிடிக்க, ஒரே கேபிளின் எட்டுக் கம்பிகளை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு கணினிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். 100 மெகாபிட் காலத்தில் யாருக்கும் தெரியாமல் ஓடிய சிக்கனம் அது. உங்கள் அச்சகத்தில் அப்படி இல்லாவிட்டாலும், கேபிள் முனையில் உள்ள ஆர்.ஜே.45 பிளக்கில் பழுப்பு நிறக் கம்பி இணையின் ஒரு கம்பி சரியாகப் பதியாமல் இருந்தாலே போதும். இணைப்பு 100-க்கு இறங்கிவிடும், அல்லது எழும்பவே எழும்பாது. புது ஸ்விட்ச் வந்த அன்றே ஒவ்வொரு கணினியிலும் நெட்வொர்க் இணைப்பின் நிலையைத் திறந்து, வேகம் என்ற இடத்தில் 1.0 ஜிகாபிட் என்று காட்டுகிறதா எனப் பார்த்துவிட்டுப் பிறகு சர்வீஸ் செய்பவருக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஹப், ஸ்விட்ச் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. கடைகளிலும் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். உண்மையில் என்ன வேறுபாடு?
– பாலிடெக்னிக் மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒரு போர்ட்டில் வந்த சிக்னலை மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அப்படியே திருப்பிச் சொல்லும் பெட்டி ஹப். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறந்தால் இரண்டும் மோதிக் கெட்டு, இருவரும் சற்றுப் பொறுத்து மறுபடியும் அனுப்ப வேண்டும். கணினிகள் கூடக் கூட மோதலும் கூடும்.

ஸ்விட்ச் அப்படிக் கூவுவதில்லை. வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தகவல் பொட்டலம்) அனுப்பியவரின் 48 பிட் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கருவிக்குரிய அடையாள எண்ணைப் படித்து, அவர் எந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை அவருக்கு ஏதேனும் வந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. முகவரி தெரியாதபோதும், ஃபிரேம் எல்லாருக்குமானதாக இருக்கும்போதும் மட்டும், ஹப்பைப் போலவே எல்லாருக்கும் அனுப்பிவைக்கிறது. கணினிக்கும் ஸ்விட்சுக்கும் இடையே அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சந்தைக்கு வந்த முதல் ஈத்தர்நெட் ஸ்விட்சை 1990-இல் வெளியிட்ட அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. 1994-இல் அதை நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்று கடையில் ஹப் என்று கேட்டாலும் ஸ்விட்சைத்தான் எடுத்துத் தருவார்கள். பெயர்தான் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: எங்கள் கணினிப் பயிற்சி மையத்தில் இடம் போதாதபோதெல்லாம் 5 போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, முந்தையதோடு கோத்துக்கொண்டே வந்தோம். இப்போது நான்கு ஆகிவிட்டன. சென்ற வாரம் துப்புரவு முடிந்த பிறகு எல்லா ஸ்விட்சுகளின் விளக்குகளும் வெறி பிடித்தாற்போல் மின்னின. எந்தக் கணினியும் எதோடும் பேசவில்லை. அணைத்துப் போட்டும் பயனில்லை.
– பயிற்சி மைய நிர்வாகி, கும்பகோணம்

பதில்: துப்புரவின்போது கழன்று விழுந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் காலியான போர்ட்டில் செருகியிருக்கிறார்கள், அதன் மறுமுனையும் உங்கள் ஸ்விட்சுகளில் ஒன்றில்தான் இருக்கிறது. இப்படி ஒரு வளையம் உண்டாகிவிட்டால், எல்லாருக்குமாக அனுப்பப்படும் ஒரு சிறு ஃபிரேம்கூட அதில் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்டர்நெட்டில் செல்லும் ஐ.பி. பேக்கெட்டுக்கு உள்ளது போன்ற, ரூட்டர்களைக் கடக்கக் கடக்கக் குறையும் ஆயுள் எண் ஈத்தர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது என்பதால் அது தானாகச் சாகாது. சில நொடிகளில் பாதை முழுவதும் அந்தச் சுழற்சியாலேயே நிறைந்துவிடும். அணைத்துப் போட்டாலும் கேபிள் அதே இடத்தில் இருப்பதால் முதல் ஃபிரேமோடு கதை மறுபடியும் தொடங்கும்.

ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ அதுவே குற்றவாளி. இந்த வளையங்களைத் தானாகக் கண்டறிந்து ஒரு பாதையை மூடிவைக்கும் ஸ்பானிங் ட்ரீ என்னும் முறையை அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் 1985-இலேயே வகுத்துவிட்டார். ஆனால் மேலாண்மை வசதி இல்லாத மலிவு ஸ்விட்சுகளில் அது பொதுவாக இருப்பதில்லை.

சரம் கோத்த அமைப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. கடைசி ஸ்விட்சில் உள்ள கணினி ரூட்டரை அடைய நடுவில் உள்ள எல்லாக் கேபிள்களையும் கடக்க வேண்டும். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் துண்டிக்கப்படுவார்கள். நான்கையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே 24 போர்ட் ஸ்விட்சை நடுவில் பொருத்தி, எல்லாக் கேபிளையும் அதற்கே கொண்டுவாருங்கள்.

கேள்வி: புது ஸ்விட்ச் போட்டால் இன்டர்நெட் வேகம் கூடுமா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. 50 மெகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டினால், ஜிகாபிட் ஸ்விட்சுக்குப் பின்னாலும் 50-தான். உங்கள் இணைப்பு 100-க்கு மேற்பட்டதாக இருந்து, நடுவில் பழைய 10/100 ஸ்விட்ச் நின்றால் மட்டும் மாற்றுவதில் பொருள் உண்டு.

கேள்வி: கிடங்கில் 8 கேமராக்களை, கேபிள் வழியே மின்சாரமும் தரும் பி.ஓ.இ. ஸ்விட்சில் இணைத்திருக்கிறோம். பகலெல்லாம் நன்றாகத் தெரிகின்றன. இருட்டியதும் இரண்டு மூன்று அணைந்துவிடுகின்றன.
– பனியன் நிறுவன மேலாளர், திருப்பூர்

பதில்: இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி, ஒவ்வொன்றும் கூடுதல் மின்சாரம் இழுக்கின்றன. 2003-இல் வந்த பி.ஓ.இ. தரத்தின்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம். எட்டுப் போர்ட்டுக்கும் அப்படித் தர 123 வாட் வேண்டும். ஆனால் விலை குறைந்த ஸ்விட்சுகளின் மொத்தத் திறன் பெரும்பாலும் அதில் பாதி அளவுதான் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் ஸ்விட்ச் சில போர்ட்டுகளைக் கைவிட்டுவிடுகிறது. பெட்டியில் மொத்த வாட் எவ்வளவு என்பதையும், கேமராவின் லேபிளில் அதிகபட்சமாக எவ்வளவு வேண்டும் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் தொலைவில் உள்ள கேமராக்களே அணைகின்றன என்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிளில், தூரம் கூடக் கூட மின்னழுத்தம் அதிகம் இறங்கும். கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் முழுச் செம்புக் கேபிளாக மாற்றச் சொல்லுங்கள்.