கிராபிக்ஸ் கார்டு மாற்றினேன், சத்தம் நின்றுவிட்டது!

கேள்வி: டெஸ்க்டாப்பில் பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டேன். முன்பு மானிட்டருக்கு விஜிஏ கேபிள், இப்போது எச்டிஎம்ஐ. படம் அருமையாக வருகிறது, ஸ்பீக்கரில்தான் சத்தமே இல்லை. அதே ஸ்பீக்கரை மொபைலில் செருகினால் பாடுகிறது. விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடு என்கிறார் நண்பர். கார்டு மாட்டும்போது மதர்போர்டைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து விண்டோஸை அழிக்காதீர்கள். ஸ்பீக்கரை மொபைலில் செருகிப் பார்த்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. சத்தம் அநேகமாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

விஜிஏ கேபிளில் படம் மட்டும்தான் போகும். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும், அதற்காகவே கார்டுக்குள் தனியாக ஒரு ஆடியோ பகுதி வைத்திருக்கிறார்கள். கார்டுக்கு டிரைவர் (அதை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) போடும்போது அந்த ஆடியோ டிரைவரும் கூடவே ஏறிவிடும், விண்டோஸும் பல நேரம் புதிதாக வந்ததையே முதன்மையாக எடுத்துக்கொள்ளும், உங்கள் மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும்கூட.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பாட்டை ஓடவிட்டு, கண்ட்ரோல் பேனலில் 'சவுண்ட்' என்பதைத் திறந்து 'ப்ளேபேக்' பக்கத்துக்குப் போங்கள். மானிட்டர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், கீழே 'ஸ்பீக்கர்ஸ்' என்ற வரியில் ஒன்றும் அசையாது. அந்த 'ஸ்பீக்கர்ஸ்' மேல் (பெரும்பாலும் ரியல்டெக் என்று பெயர் இருக்கும்) ரைட் கிளிக் செய்து 'செட் அஸ் டீஃபால்ட் டிவைஸ்' கொடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, முடக்கப்பட்டவற்றையும் காட்டும்படி டிக் போடுங்கள். அப்போதும் வரவில்லையா, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஆன்போர்டு ஆடியோ, அதாவது மதர்போர்டின் சொந்த ஒலிப் பகுதி, அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, பச்சைக் கோடு இப்போது 'ஸ்பீக்கர்ஸ்' பக்கம் ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை என்றால் டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். வேலை பார்க்க எல்லா ஒயரையும் உருவியிருப்பீர்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் உள்ளே வரும் சத்தத்துக்கு, ஸ்பீக்கருக்குப் பச்சை. மூன்றும் ஒரே 3.5 மில்லிமீட்டர் துளைதான், எதில் செருகினாலும் பொருந்திவிடும் என்பதால் இருட்டில் மாறிப்போவது சாதாரணம்.

அடுத்த முறை டிரைவர் அப்டேட் ஆகும்போது இதே சிக்கல் திரும்பி வரலாம். கார்டின் ஆடியோ டிரைவரையே நீக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, நாளைக்கே ஒரு டிவியில் மாட்டினால் அது தேவைப்படும். மானிட்டர் வரியில் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்தால் போதும், வேண்டும்போது எழுப்பிக்கொள்ளலாம். அப்புறம், கார்டு மாட்டியதால் மதர்போர்டின் ஒலிச் சிப் கெட்டுப்போவது மிக அபூர்வம். அந்தப் பயத்தை விடுங்கள்.

கேள்வி: கேபினட் மாற்றினேன். பின்னால் ஸ்பீக்கர் பாடுகிறது, முன்பக்க ஹெட்போன் துளையில் மட்டும் சத்தம் இல்லை.

பதில்: அந்தத் துளையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் மதர்போர்டுக்குப் போக வேண்டும், அது மாட்டப்படவில்லை அல்லது கழன்றிருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்து, மின் ஒயரை உருவிவிட்டுத் திறங்கள். முனையில் 'எச்டி ஆடியோ' என்று எழுதியிருக்கும். மதர்போர்டில் அதற்கான ஊசிகள் பெரும்பாலும் கீழ் ஓரத்தில், பின்பக்கத்தை ஒட்டிய மூலையில் இருக்கும். யுஎஸ்பி 2.0 ஊசிகளும் பார்க்க அதே மாதிரிதான், இரண்டிலும் ஒன்பது ஊசி, காலியாக இருக்கும் இடம் மட்டும் வேறு. அதனால் நுழையவில்லை என்றால் அழுத்தவே அழுத்தாதீர்கள், ஊசி வளைந்துவிடும்.

கேள்வி: மதர்போர்டையே மாற்றிவிட்டேன், பழைய ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கிறது. சத்தம் வரவில்லை. தனியாக சவுண்ட் கார்டு வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உள்ளே இருப்பது பழைய போர்டின் ஆடியோ டிரைவர். புதிய போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து, அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸ் போலவே இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அங்கே சத்தம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான். அங்கேயும் வரவில்லை என்றால், வாரண்டி இருக்கும்போதே போர்டை வாங்கிய இடத்துக்கு எடுத்துப் போங்கள்.