அரசுப் பதவியாளர்களின் உருவப்படங்களுக்குப் பொதுப்பணத்தில் வரம்பு வேண்டுமா?

அரசுப் பதவியில் இருப்பவர்களின் உருவப்படங்களுக்கு ஆகும் செலவைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் தொகைக்கு மட்டும் உச்சவரம்பு வைத்தால், அந்தச் செலவு வேறு பெயரில் வேறு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். தஞ்சை, திருவாரூர் வட்டாரத்தில் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு அலுவலகத்தில் படம் எடுத்ததற்கு ஒரு பட்டியலும், கண்ணாடிச் சட்டமிட்டதற்கு ஒரு பட்டியலும், அதன்மேல் விளக்குப் பொருத்தியதற்கு மின்பணி என்ற பெயரில் மற்றொரு பட்டியலுமாகப் பிரித்து, முதல் இரண்டையும் 'இதர செலவினம்' தலைப்பில் எழுதியிருந்தார்கள். தனித்தனியே பார்த்தால் எதுவும் கண்ணை உறுத்தவில்லை. அதே ஆண்டில், ஊர்க்குளத்தில் இடிந்துபோன படித்துறையைச் சீரமைக்கக் கேட்ட மனு 'நிதி இல்லை' என்ற குறிப்புடன் கோப்பில் கிடந்தது. அந்தப் படித்துறையில் இறங்கித் துணி துவைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குச் சிறியதாகத் தோன்றுவதில்லை.

அமெரிக்காவில் 2018 மார்ச்சில் கையொப்பமான சட்டம், குடியரசுத் தலைவர் முதல் நாடாளுமன்ற உறுப்பினர்கள், துறைத் தலைவர்கள் வரை யாருடைய உருவ ஓவியத்திற்கும் கூட்டரசின் பணத்தைச் செலவிடக் கூடாது என்று தடுத்தது. அதற்குமுன் துறைச் செயலர் ஒருவரின் எண்ணெய் வண்ண ஓவியத்திற்கு 20,000 டாலரும் அதற்கு மேலும் செலவானதுண்டு. இந்தியாவில் இச்சிக்கல் விளம்பரப் படங்களின் வழியே நீதிமன்றம் சென்றது. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோர் படங்கள் மட்டுமே இடம்பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் கூறியது. 2016 மார்ச்சில் ஆளுநர், முதல்வர், அமைச்சர் படங்களையும் அனுமதித்தது. 2021இல் தமிழக அரசு, முந்தைய முதல்வர்களின் படம் அச்சான பள்ளிப் பைகளை மாற்றாமல் வழங்கியதால் 13 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தது. முகத்தை மாற்றுவதற்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்பதற்கு அதுவே போதிய சான்று.

அமெரிக்கச் சட்டத்தை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரலாமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே நன்கொடையில் வரைவதற்குத் தடையில்லை. இங்கே அந்த நன்கொடையைக் கொடுக்க முன்வருபவர் பெரும்பாலும் அடுத்த ஒப்பந்தத்தை எதிர்பார்ப்பவராகவே இருப்பார். அந்தப் படத்தின் விலை பிறகு சாலையிலும் மதகிலும் கழிந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தான் கொடுத்ததோடு, தன் தமக்கையும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். நன்கொடையை அனுமதிப்பதானால், கொடுத்தவர் பெயரும் தொகையும் படத்தின் கீழேயே எழுதப்பட வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒரு பதவிக்கு ஒரே அளவில் ஒரு புகைப்படம் போதும். அதற்கான செலவு படம், கண்ணாடிச் சட்டம், விளக்கு அனைத்தையும் சேர்த்துத் தனிக் கணக்குத் தலைப்பில் வர வேண்டும். ஊராட்சியாக இருந்தால் அக்டோபர் 2 கிராமசபையில் வரவு செலவு வாசிக்கும்போது அந்த வரியையும் உரக்க வாசிக்க வேண்டும்.